ஆண்டுக்கும் வயதாகிறது: ருமேனிய நாட்டார் நாட்காட்டி பற்றிய என் கண்ணாடி ஓவியம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ருமேனியக் கிராமத்து மக்கள் தங்கள் ஆண்டை எப்படிக் கண்டார்கள் என்பதை வைத்து நான் தீட்டிய கண்ணாடி ஓவியம் இது. பார்க்க வந்தவர்களும் படத்தைக் கண்டு எழுதியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன. ஒவ்வோர் உருவத்துக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது; கதை தெரியாவிட்டால் உருவம் வெறும் வேடமாகத்தான் தெரியும்.

ஓவியத்தில் இருப்பவர்கள் யார் யார்?

சதுரமான கண்ணாடியில் வட்டமாக நிற்கும் ஒரு கூட்டம். உச்சிக்குச் சற்று வலப்புறத்தில் மதுப் பீப்பாயின் மேல் ஏறி அமர்ந்திருக்கும் இளைஞனிடமிருந்து தொடங்குங்கள். அங்கிருந்து வலஞ்சுழியாக வந்தால் காதலர்களின் காவலனான திராகொபேதே, ஒன்பது ஆட்டுத்தோல் அங்கிகள் போட்ட கிழவி, குளம்புக்கால் இளைஞர்கள், இலை சூடிக் குதிரையில் வரும் சாவிக்காரன், காலில் மணி கட்டிய ஆட்டக்காரர்கள், மஞ்சள் பூ முடி தரித்த பெண், தீத்தேர் ஓட்டுபவர், இன்னொரு சாவிக்காரர், ஓநாய்கள் சூழ நிற்கும் முதியவர் என்று வரிசை போகும். உச்சிக்கு இடப்புறத்தில் வெண்தாடித் தாத்தாவும் அவர் மனைவியும் நிற்பதோடு வட்டம் முடிகிறது. நடுவில் பன்னிரண்டு வெங்காய ஏடுகள்.

நாட்களை ஏன் மனிதர்களாக வரைந்தீர்கள்?

நான் வரையவில்லை, அந்த மக்களே அப்படித்தான் கண்டார்கள். ருமேனிய நாட்டார் வழக்கில் பண்டிகை என்பது ஒரு தேதி மட்டுமல்ல, வந்து போகும் ஓர் ஆள். வெள்ளிக்கிழமைகூட ஒரு பெண்தான். கதைகளில் வழிதவறியவர்களுக்கு உதவுகிறாள், தன் நாளை மதிக்காதவர்களைத் தண்டிக்கிறாள். செவ்வாய்க்கிழமை இரவில் நூல் நூற்கும் பெண்களைப் பிடிக்க மார்த்சோலேயா என்ற பூதம் வருகிறது. ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் அன்று சணல் நூற்று முடிக்காத பெண்களைத் தேடி ஜொயிமரித்சா வருகிறாள்.

இவர்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஆண்டின் தொடக்கத்தில் வருகிறவர்கள் இளைஞர்கள். கோடையில் வருகிறவர்கள் நடுவயதினர். குளிர்காலத்தில் வருகிறவர்கள் தாத்தாக்கள். ஜனவரி 1-க்கு உரியவரான பேசில், தேவாலயப் படங்களில் தாடி வைத்த ஆயர். நாட்டார் வழக்கிலோ பீப்பாய் மேல் ஏறி அமர்ந்து கொண்டாடும் வாலிபன் சன்வாசி. டிசம்பரில் வரும் நிக்கலாயும் கிறிஸ்துமஸும் தாத்தாக்கள். இந்த வயது வரிசையை விரிவாக எடுத்துக்காட்டியவர் ருமேனிய இனவரைவியலாளர் இயோன் கினோயு. அவருக்கும் முன்பே, பண்டிகை வழக்கங்களைக் கிராமம் கிராமமாகத் திரட்டி 1898 முதல் 1901 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டவர் புகோவினா பகுதியைச் சேர்ந்த பாதிரியார் சிமியோன் புளோரேயா மரியன். இவ்விருவரின் உழைப்பு இல்லாமல் என்னைப் போன்ற வெளியூர்க்காரன் இந்தக் கூட்டத்துக்குள் நுழைந்திருக்கவே முடியாது.

ஆண்டுக்கும் மனிதனைப் போலவே வயதாகிறது, அது கிழவனாகிச் சாகிறது, மறுபடி பிறக்கிறது. இந்த எண்ணம்தான் என்னைத் தூரிகை எடுக்க வைத்தது. ஓவியத்தில் நான் சொல்ல வந்ததும் இது ஒன்றுதான்.

அப்படியானால் இளைஞர்கள் நடுவே ஒரு கிழவி ஏன் நிற்கிறாள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அவள் பெயர் தோக்கியா. பாபா தோக்கியா, அதாவது தோக்கியாக் கிழவி. மார்ச் மாதத்தின் முதல் ஒன்பது நாட்கள் அவளுடையவை.

கதை பல வடிவங்களில் வழங்குகிறது. ஒரு வடிவத்தில், தோக்கியா தன் மருமகளிடம் கருப்புக் கம்பளியைக் கொடுத்து, வெள்ளையாகும்வரை ஆற்றில் துவைத்துவிட்டு வரச் சொல்கிறாள். உறைபனிக் காலம், கை விறைத்து அந்தப் பெண் அழுகிறாள். வழியில் வந்த ஒருவர் அவளுக்கு ஒரு பூவைக் கொடுக்க, கம்பளி வெளுத்துவிடுகிறது. பூவைத் தலையில் செருகிக்கொண்டு மருமகள் வீடு திரும்புகிறாள். பூவைப் பார்த்த கிழவி, வசந்தம் வந்துவிட்டது என்று எண்ணி ஒன்பது தோல் அங்கிகளையும் போட்டுக்கொண்டு மந்தையை மலைக்கு ஓட்டிச் செல்கிறாள். நாளுக்கு ஓர் அங்கியாகக் கழற்றி எறிகிறாள். ஒன்பதாவதையும் எறிந்தபின் பனி திரும்பி வருகிறது. கிழவியும் மந்தையும் உறைந்து கல்லாகிறார்கள். கிழக்குக் கார்ப்பாத்திய மலைத்தொடரில் உள்ள சியாக்லவ் மலையில் அவள் பெயரால் அழைக்கப்படும் பாறை இன்றும் நிற்கிறது.

மார்ச் தொடக்கத்து வானிலையை அறிந்தவர்களுக்கு இது கண்முன் நடக்கும் கதை. காலையில் வெயில், மதியம் பனித்தூவல், மாலையில் மீண்டும் வெயில். கிழவியின் மனநிலைதான் அப்படி மாறுகிறது என்பார்கள். பெண்கள் அந்த ஒன்பது நாட்களில் ஒன்றைத் தமக்கென முன்கூட்டியே தேர்ந்துகொள்வதும் உண்டு. அன்றைய வானிலை எப்படியோ அப்படியே அவர்களுக்கு அந்த ஆண்டும் அமையும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பழைய உழவர் ஆண்டு வசந்தத்தில்தான் தொடங்கியது என்பது கினோயு போன்ற ஆய்வாளர்களின் கருத்து. அந்தக் கணக்கில் தோக்கியா வழிதவறி இளைஞர் கூட்டத்தில் புகுந்தவள் அல்ல. அவள்தான் சாகப்போகும் பழைய ஆண்டு. அவள் உறைந்தால்தான் புதிய ஆண்டு பிறக்கும். பக்கத்தில் நிற்கும் திராகொபேதே அவள் மகன் என்று வழக்கு; அவன் நாள் பிப்ரவரி 24. பறவைகள் இணை தேடும் நாள் அது. அன்று பெண்கள் எஞ்சிய பனியை அள்ளி உருக்கி, முகப்பொலிவுக்காக எடுத்து வைப்பார்கள்.

தோக்கியா, இன்றைய ருமேனியப் பகுதியில் இருந்த பண்டைய தாக்கியா நாட்டின் மன்னன் தெசெபாலின் மகள் என்றும், ரோமப் பேரரசன் திராஜன் துரத்தியபோது கல்லானாள் என்றும் வேறொரு கதை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் கெயோர்கே அசாக்கி என்ற எழுத்தாளர் பரப்பிய வடிவம் அது. அரசகுமாரியைவிட அங்கி கழற்றும் கிழவியே எனக்கு வேண்டியிருந்தாள்.

அவள் கையில் இருக்கும் சிவப்பு வெள்ளை நூல் என்ன?

மர்த்சிஷோர். மார்ச் 1 அன்று சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலை அணிந்துகொள்வார்கள். முன்பு அதில் ஒரு நாணயத்தைக் கோத்துக் கழுத்திலோ மணிக்கட்டிலோ கட்டினார்கள். இப்போது சிறு பதக்கங்களுடன் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். மரங்கள் பூக்கும்வரை அல்லது மாதம் முடியும்வரை அணிந்திருந்து, பிறகு பழமரக் கிளையில் கட்டிவிடுவார்கள். தோக்கியா மலையேறும்போது நூற்ற நூல்தான் அது என்று ஒரு வழக்கு சொல்கிறது. ருமேனியா, மால்டோவா, பல்கேரியா, வடக்கு மாசிடோனியா ஆகிய நான்கு நாடுகளின் மார்ச் 1 வழக்கங்களை யுனெஸ்கோ 2017-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஓவியத்தில் இந்த நூலை மட்டும் உற்றுப் பாருங்கள். கிழவி நூல் நூற்கும் கதிரிலிருந்து கிளம்பி எல்லோருடைய காலடியிலும் ஓடி, வெண்தாடித் தாத்தாவின் கைத்தடியில் முடிகிறது. தனித்தனி ஆட்களை ஓர் ஆண்டாகக் கட்டுவதற்கு வேறு எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

குளம்புக்கால் இளைஞர்கள் பேய்களா?

அவர்கள் சந்தொவாதெரின் குதிரைகள். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தின் முதல் வாரத்தில் வருகிறார்கள். அந்த வாரத்துச் சனிக்கிழமை புனித தியோடருக்கு உரியது. குளிர்கால மாலைகளில் பெண்கள் ஒரு வீட்டில் கூடி நூல் நூற்பார்கள். கதைப்படி, அங்கே அழகான அந்நிய வாலிபர்கள் வந்து அமர்கிறார்கள். ஒரு பெண்ணின் கதிர் கை நழுவிக் கீழே விழுகிறது. எடுக்கக் குனிந்தவள், மேலங்கிக்குக் கீழே குளம்புகளைப் பார்த்துவிடுகிறாள். அந்தக் கணத்தைத்தான் வரைந்திருக்கிறேன்: குனிந்த பெண்ணின் கண்ணும், நீட்டிய கையும், எட்டாமல் உருளும் கதிரும். அந்த இரவுகளில் நூற்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை மீறியவர்களை அக்குதிரைகள் மிதித்துவிடும் என்பது நம்பிக்கை. கூட்டத்தின் தலைவன் நொண்டிக் குதிரை. எனவே ஒருவனைச் சாய்ந்து நிற்க வைத்தேன்.

இதே சந்தொவாதெரிடம்தான் பெண்கள் நீண்ட கூந்தலும் வேண்டுவார்கள். அன்று மூலிகை வேரை ஊறவைத்த நீரில் தலை குளித்து, குதிரை வால் போன்ற கூந்தலைத் தரும்படி கேட்பார்கள். பயமுறுத்துபவனிடமே வரம் கேட்பது எனக்கு இயல்பாகவே தோன்றுகிறது.

இரண்டு பேர் ஏன் சாவி வைத்திருக்கிறார்கள்?

ஏப்ரல் 23-க்கு உரிய சன்ஜியோர்ஸ், அக்டோபர் 26-க்கு உரிய சமேத்ரு ஆகிய இருவரும் ஆண்டைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் காப்பவர்கள். தேவாலயத்தில் இவர்கள் புனித ஜார்ஜும் புனித டிமிட்ரியோஸும். நாட்டார் கதையில் ஆண்டின் சாவி இவர்கள் இடுப்பில் தொங்குகிறது. சன்ஜியோர்ஸ் பூட்டைத் திறந்தால் இலை துளிர்க்கும், புல் முளைக்கும். சமேத்ரு பூட்டினால் இலை உதிரும். ஆகவே தேவாலயப் படங்களில் இருப்பது போல ஜார்ஜுக்கு நான் ஈட்டியும் கொடுக்கவில்லை, காலடியில் டிராகனும் வைக்கவில்லை. பச்சைக் கிளை சூடிய குதிரைக்காரனாகவே வருகிறான். அன்று வாசல்களில் பச்சைக் கிளை செருகுவதும் வழக்கம்.

இந்தப் பிரிவுக்கு நடைமுறைப் பயனும் உண்டு. மேய்ப்பர்களுக்கான கூலி ஒப்பந்தம் ஜார்ஜ் நாளில் தொடங்கி டிமிட்ரியோஸ் நாளில் முடிந்தது. மந்தைகள் மலைக்குப் போவதும் திரும்பி வந்து உரியவர்களிடம் பிரித்துக் கொடுக்கப்படுவதும் இந்த இரண்டு நாட்களை ஒட்டித்தான். சமேத்ருவுக்கு முந்திய இரவில் ஆர்ஜெஷ் பகுதிக் கிராமங்களில் பெரிய தீ வளர்ப்பார்கள். சுற்றி நிற்பவர்களுக்குப் பெண்கள் பழமும் கொட்டைகளும் கொடுப்பார்கள். அவை இறந்தவர்களின் நினைவுக்கான கொடை. சமேத்ருவின் பின்னால் தெரியும் சிவப்பு அந்தத் தீயின் வெளிச்சம்.

மணி கட்டி ஆடுபவர்கள்?

கலூஷ் ஆட்டக்காரர்கள். தெற்கு ருமேனியாவில், குறிப்பாக ஓல்தேனியாவில், ஈஸ்டருக்கு ஐம்பதாம் நாளில் வரும் பெந்தெகொஸ்தே காலத்தில் ஆடுவார்கள். எப்போதும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஆண்கள். கையில் தடி, கணுக்காலில் மணி. கொடிக்கம்பத்தில் பூண்டும் கசப்புப் பூடும் கட்டியிருக்கும். அதன் முன்னால் உறுதிமொழி எடுத்துக்கொள்வார்கள். முகமூடி போட்ட ஒருவன் ‘ஊமை’, பேசவே மாட்டான். அந்த நாட்களில் காற்றில் அலையும் ருசாலி, இயெலே என்ற பெண் ஆவிகள் தீண்டி நோயுற்றவர்களை ஆட்டத்தால் குணப்படுத்துவார்கள் என்பது நம்பிக்கை. யுனெஸ்கோ இதை 2005-இல் மானுட மரபின் தலைசிறந்த வெளிப்பாடுகளில் ஒன்றாக அறிவித்தது.

கண்ணாடியில் அசையாத உருவத்தை வைத்து மணியோசை எழுப்ப முடியாது. ஆட்டக்காரர்களின் கால்கள் எதையும் தரையில் படவிடாமல் வரைந்ததுதான் என்னால் செய்ய முடிந்தது.

மஞ்சள் பூப் பெண்ணின் சட்டையை ஏன் அவ்வளவு நுணுக்கமாகத் தீட்டியிருக்கிறீர்கள்?

அவள் சன்சியெனே, தெற்கே திரகாய்கா என்பார்கள். நாள் ஜூன் 24, தேவாலயத்தில் திருமுழுக்கு யோவானின் பிறப்பு. அதே பெயரில் வயல் ஓரங்களில் பூக்கும் மஞ்சள் பூ ஒன்று இருக்கிறது. மிகச் சிறிய பூக்கள், கொத்துக் கொத்தாக, தேன் மணத்தோடு. பெண்கள் அதைப் பறித்து முடியாகப் பின்னுவார்கள். சில ஊர்களில் பெண்பிள்ளைகளுக்கு வட்டமாகவும் ஆண்பிள்ளைகளுக்குச் சிலுவை வடிவிலும் பின்னி வீட்டுக் கூரை மேல் எறிவார்கள். கூரையில் தங்கினால் நல்லது. தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தால் வரப்போகும் கணவன் கனவில் வருவான். அன்றோடு குயில் கூவுவது நின்றுவிடும். மூலிகை பறிக்கச் சிறந்த நாளும் அதுவே.

வட்டத்தில் இவள் நிற்பது சரியாகக் கீழ்நடுவில். ஆண்டின் நடுவயது. இதற்குப் பிறகு பகல் குறையத் தொடங்குகிறது. எனவே அவள் முகத்தில் சிரிப்பை வைக்கவில்லை. நிமிர்ந்த கழுத்தையும் நேர்ப்பார்வையையும் வைத்தேன்.

சட்டைக்கு வருகிறேன். தோளில் குறுக்காகப் பட்டையாக ஓடும் பூவேலை அல்தித்சா எனப்படும். இந்த ருமேனிய, மால்டோவச் சட்டை 2022-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஜூன் 24 அன்றே சட்டைக்கும் ஒரு நாள் கொண்டாடுகிறார்கள். பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1940-இல் முடித்த ஓவியத்தால் அந்தச் சட்டை உலகம் முழுவதும் தெரிந்தது. அவர் பூவேலையைச் சில வீச்சுகளில் முடித்துவிட்டார். அது அவருடைய மேதைமை. நான் ஒவ்வொரு தையலையும் போட்டேன். அந்தப் பூவேலை ஒரு பெண்ணின் பல மாத உழைப்பு, அதைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

தீத்தேர் ஓட்டுபவர் சூரியனா?

இல்லை. ஜூலை 20-க்கு உரிய எலியா தீர்க்கதரிசி, அங்கே சந்திலியே. இடி என்பது அவருடைய தேர்ச் சக்கர ஓசை. மின்னலால் பிசாசுகளைத் துரத்துகிறார். பைபிளின் அக்கினி ரதம் ருமேனியக் கண்ணாடி ஓவியர்களின் கையில் கிராமத்து மரவண்டியாக மாறியது. நானும் மரவண்டியையே போட்டேன். காலடியில் ஆப்பிள்களும் தேனடையும் இருக்கின்றன. அன்றுதான் தேன் எடுப்பார்கள். புதிய ஆப்பிளை இறந்தவர்களின் பெயரால் தானம் கொடுத்த பிறகே உண்பார்கள். ஆப்பிளை ஆப்பிளோடு மோதவிடக் கூடாது, மோதினால் ஆலங்கட்டி மழை பயிரை அடித்துவிடும்.

பூண்டும் ஓநாயும் இருக்கின்றனவே, டிராகுலா எங்கே?

இல்லை, வரவும் மாட்டார். இரத்தம் குடிக்கும் டிராகுலாப் பிரபு 1897-இல் வெளிவந்த ஓர் ஆங்கில நாவலின் கற்பனை. அதை எழுதியவர் ருமேனியாவுக்குப் போனதே இல்லை. ஒரு நாட்டின் முழு நாட்காட்டியையும் அந்த ஒரு கறுப்பு அங்கி மறைத்துவிட்டது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஓவியத்தில் இருப்பவர் நவம்பர் 30-க்கு உரிய சந்தந்திரேய், ஓநாய்களின் தலைவர். அந்த ஆண்டு எந்த ஓநாய்க்கு எந்த இரை என்று பங்கிடுபவர் அவர். ஓநாயின் கழுத்து விறைப்பானது, திரும்பிப் பார்க்க முடியாது; அந்த ஒரு இரவில் மட்டும் கழுத்து வளைந்து தன் வாலைப் பார்க்கும் என்பார்கள். ஆகவே ஓர் ஓநாயின் தலையை முழுவதும் திருப்பி வரைந்தேன். இறந்தும் அடங்காத ஸ்திரிகோய் என்ற ஆவிகளும் அன்று உலவும். கதவிலும் ஜன்னலிலும் பூண்டு தேய்ப்பது அதனால்தான். இளைஞர்கள் ஒரு வீட்டில் கூடி இரவு முழுவதும் பூண்டுக்குக் காவலிருந்து ஆடிப்பாடுவார்கள். காலையில் பகிர்ந்துகொள்ளும் அந்தப் பூண்டு ஆண்டு முழுவதும் மருந்து. பயத்தை எதிர்கொள்ள ஊரே சேர்ந்து விழித்திருந்தது என்பதுதான் அங்கே விசேஷம்.

கடைசியில் நிற்கும் தாத்தாவின் மனைவிக்கு ஏன் பொன் கைகள்?

கிரச்சூன் தாத்தா, நாம் அறிந்த கிறிஸ்துமஸ் தாத்தாவின் ருமேனியப் பெயர். ஆனால் கதை நாம் அறிந்ததல்ல. கிரச்சூன் ஒரு பணக்காரக் கடுமனத்தார். நிறைமாத மரியாள் இடம் கேட்டு வந்தபோது விரட்டிவிட்டார். அவர் மனைவி இரக்கப்பட்டு, கணவனுக்குத் தெரியாமல் தொழுவத்தில் இடம் கொடுத்துப் பிரசவமும் பார்த்தாள். அறிந்ததும் அவர் அவள் கைகளை வெட்டிவிட்டார். மரியாள் அந்தக் கைகளை மீண்டும் வளரச் செய்தாள்; சில வடிவங்களில் பொன்னாகவே வளர்கின்றன. அதைக் கண்டு மனம் மாறிய கிரச்சூன், அன்றிலிருந்து கொடுப்பவராகிறார்.

பரிசு மூட்டை சுமந்த தாத்தா உருவத்துக்கு அடியில் இப்படிக் குருதியும் குற்றவுணர்வும் உள்ள ஒரு கதை இருப்பதை அறிந்த நாளில், ஓவியத்தின் முடிவு எனக்குக் கிடைத்துவிட்டது. அவரைச் சிரிக்க வைக்காமல், மனைவியின் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்க வைத்தேன். கண்ணாடி முழுவதிலும் பொன்தாள் ஒட்டியது அந்தக் கைகளில் மட்டுமே. புனிதர்களின் தலைக்குப் பின்னால்கூட ஒளிவட்டம் கிடையாது.

நடுவில் வெங்காயமா?

ஆம். புத்தாண்டுக்கு முந்திய இரவில் பன்னிரண்டு வெங்காய ஏடுகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் சிறிது உப்புப் போடுவார்கள். ஓர் ஏடு ஒரு மாதம். காலையில் எதில் நீர் மிகுதியாக ஊறியிருக்கிறதோ அந்த மாதம் மழை மிகும். எது உலர்ந்திருக்கிறதோ அது வறண்ட மாதம். ஓவியத்தில் மூன்று ஏடுகள் உலர்ந்திருக்கின்றன. எந்த மாதங்கள் என்று கண்டுபிடிப்பது எளிது. அவற்றுக்கு நேரே நிற்பவர்களைப் பாருங்கள்.

ஏன் கண்ணாடியில்? துணியில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டியிருக்கலாமே?

ருமேனியாவின் திரான்சில்வேனியப் பகுதிக் கிராமத்து மக்களின் ஓவிய ஊடகமே கண்ணாடிதான். நிக்குலா என்ற ஊரில் 1699-இல் மரியாள் படம் கண்ணீர் விட்டதாகச் செய்தி பரவி, யாத்திரிகர்கள் திரண்டார்கள். அவர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல மலிவான படங்கள் தேவைப்பட்டன. மத்திய ஐரோப்பாவிலிருந்து வந்த கண்ணாடி ஓவியமுறையை உழவர்கள் கற்றுக்கொண்டு 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பல ஊர்களில் தீட்டினார்கள். சிபியு நகருக்கு அருகில் சிபியெல் என்ற சிற்றூரில் சோசிம் ஒவான்சா என்ற பாதிரியார் 1969-இல் தொடங்கிய அருங்காட்சியகத்தில் அப்படிப்பட்ட 600-க்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. பழைய கண்ணாடி கையால் ஊதிச் செய்தது; மேடு பள்ளமானது. நகர்ந்து பார்த்தால் புனிதர்களின் முகம் நீரில் அசைவது போலத் தெரியும்.

நான் தஞ்சாவூர் பாணிக் கண்ணாடி ஓவியம் கற்றவன். ஊடகம் ஒன்றாக இருந்ததால்தான் துணிந்தேன். இரண்டிலும் கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டி முன்புறமாகப் பார்க்கிறோம். எனவே வரிசை தலைகீழ்: கண்மணி முதலில், அதன் மேல் வெண்விழி, அதன் மேல் முகத்தின் நிறம், பின்னணி கடைசியில். முகம் போட்டுவிட்ட பிறகு கண்ணைத் திருத்த வழியில்லை. சட்டையின் பூவேலையை முடித்துவிட்டுத்தான் சட்டையையே போட முடியும். இடமும் வலமும் மாறும். முன்னிருந்து பார்க்க ஆண்டு வலஞ்சுழியாகச் செல்ல வேண்டும் என்றால், பின்னிருந்து இடஞ்சுழியாகத் தீட்ட வேண்டும். ருமேனிய ஓவியர்கள் காகிதத்தில் மாதிரிக் கோட்டுருவை வரைந்து கண்ணாடிக்கு அடியில் வைத்துக் கோடிழுப்பார்கள். நானும் அப்படியே செய்தேன்.

இது கிறிஸ்தவ ஓவியமா, அதற்கு முந்திய சமயத்தின் ஓவியமா?

இரண்டாகப் பிரிக்க முடியும் என்று நான் நம்பவில்லை. பெயர்கள் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் புனிதர்களுடையவை, தேதிகளும் அதனுடையவை. குளம்பு, சாவி, ஓநாய் ஆகியவை திருச்சபை போதித்தவை அல்ல. ஆனால் அதே பெண்தான் காலையில் தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றினாள், மாலையில் ஜன்னலில் பூண்டு தேய்த்தாள். அவளுக்கு அது ஒரே வாழ்க்கை.

தேதிகளைப் பற்றி ஒரு குறிப்பு. இன்று உலகம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு ருமேனியா மாறியது 1919-இல். மார்ச் 31-க்கு அடுத்த நாள் ஏப்ரல் 14 ஆனது. திருச்சபை தன் நிலையான திருநாட்களை 1924-இல் மாற்றிக்கொண்டது; ஈஸ்டரை மட்டும் இன்றும் பழைய ஜூலியன் கணக்கில் குறிக்கிறது. ஆகவே பழைய குறிப்புகளில் உள்ள தேதிக்கும் பருவத்துக்கும் சில நாள் இடைவெளி இருக்கும்.

இவை இன்றும் நடக்கின்றனவா?

எல்லாம் ஒரே அளவில் அல்ல. மர்த்சிஷோர் எங்கும் உயிரோடு இருக்கிறது. பிப்ரவரி இறுதியில் தலைநகர் புகாரெஸ்டின் நடைபாதைகளில் அதற்கென்றே கடை விரிப்பார்கள். ஆண்கள் குழுவாக வீடு வீடாகப் பாடும் கிறிஸ்துமஸ் பாடல் மரபு 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பக்காவு வட்டாரத்தின் கொமனெஷ்தி ஊரில் ஆண்டு இறுதியில் உண்மையான கரடித் தோல் போர்த்தி ஆடுகிறார்கள். சந்தொவாதெரின் குதிரைகளுக்கு இன்று யாரும் பயப்படுவதாகத் தெரியவில்லை. பெண்கள் கூடி நூல் நூற்பது குறைந்தபோது குதிரைகள் வருவதற்கு வீடு இல்லாமல் போயிற்று.

யாரை விட்டுவிட்டீர்கள்?

பலரை. மிகவும் தயங்கியது பாப்பருதாவை விடத்தான். வறட்சியில் இலைகளால் உடல் மூடி ஆடும் பெண், வீடு வீடாக அவள் மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். களிமண் பொம்மை செய்து, அழுது, புதைக்கும் கலோயானும் மழைக்காகவே. ஆனால் இருவரும் பெரும்பாலும் நாள் பார்த்து வருபவர்கள் அல்ல, வானம் பொய்த்தால் அழைக்கப்படுபவர்கள். வயது வரிசையில் அவர்களுக்கு இடமில்லை. அவர்களுக்குத் தனிக் கண்ணாடி தயாராகிறது, கோட்டுரு முடிந்துவிட்டது.

ஓவியத்தை வீட்டில் வைக்க விரும்புகிறவர்கள் என்ன கவனிக்க வேண்டும்?

முன்புறத்தை மென்துணியால் துடைக்கலாம். பின்புறத்தை ஒருபோதும் தொட வேண்டாம், வண்ணம் அங்கேதான் இருக்கிறது. சுவரில் ஈரம் இருந்தால் வண்ணம் கண்ணாடியை விட்டு உரியும். சட்டத்துக்கும் சுவருக்கும் விரலிடை வெளி விட்டு, நேர் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். விளக்கைக் கீழிருந்து போடாதீர்கள். பக்கவாட்டிலிருந்து ஒளி வந்தால்தான் பொன் கைகள் தெரியும்.